சிஐ ரன்னரை அன்சிபிளில் நிறுவும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக டெவ்ஆப்ஸுக்கு வருகிறவர்களின் அன்சிபிள் ப்ளேபுக்கை (சர்வர்களை அமைக்கும் டாஸ்க்குகளின் பட்டியல்) ரிவ்யூ செய்யும்போதெல்லாம், ரன்னரை ரெஜிஸ்டர் செய்யும் ஒரே டாஸ்க் கண்ணில் படுகிறது. நாங்கள் எல்லோரும் ஆரம்பத்தில் எழுதியதுதான். ப்ளேபுக் எழுதும் யாமல் வடிவில் இடைவெளி பிசகுவது போன்றவற்றை லின்ட்டரே சொல்லிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கிட்லேப் ரன்னரை, அதாவது கிட்லேப் தரும் பில்டு, டெஸ்ட் ஜாப்களை மெஷினில் ஓட்டும் நிரலை வைத்தே பேசுவோம்.

ரெஜிஸ்டர் கட்டளையை ப்ளேபுக்கில் போடுவது

கமாண்ட் மாட்யூலில் ‘கிட்லேப்-ரன்னர் ரெஜிஸ்டர்’ என்று எழுதி ஓட்டினால் ரன்னர் வந்துவிடும். சிக்கல், இரண்டாவது தடவை ஓட்டும்போது. அந்தக் கட்டளை இருப்பதைத் திருத்தாது; கான்ஃபிக் கோப்பின் அடியில் இன்னொரு ரன்னர் பகுதியைச் சேர்க்கும். தினமும் கிரானில் (குறித்த நேரத்தில் தானே ஓட்டும் நிரல்) ப்ளேபுக் ஓடுகிற இடத்தில் அந்தக் கோப்பு எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

ஒரு டீமில் டெஸ்ட் ஜாப்கள் அடிக்கடி எக்ஸிட் கோடு 137 என்று செத்துக்கொண்டிருந்தன. 128-உடன் சிக்னல் எண் 9 சேர்ந்தது அந்த 137. மெமரி தீர்ந்து கெர்னல் கொன்றால் இப்படித்தான் வரும். டெவலப்பர்களோ தங்கள் டெஸ்ட்டில் மெமரி லீக் தேடிக்கொண்டிருந்தார்கள். கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் ஒரே பெயரில் வரிசையாக ரன்னர் பகுதிகள். ஒவ்வொன்றிலும் லிமிட் (அந்தப் பகுதி ஒரே நேரத்தில் எடுக்கும் ஜாப்கள்) 2, மேலே கன்கரன்ட் (மொத்த உச்சவரம்பு) 10. இரண்டு ஜாப் ஓடவேண்டிய மெஷினில் பத்து ஓடியிருக்கிறது.

அதைவிட மோசம் ஒன்று. பாதுகாப்புக்காக ‘ப்ரிவிலெஜ்டு’ (கன்டெய்னருக்கு ஹோஸ்ட் மெஷின்மேல் கிட்டத்தட்ட முழு அதிகாரம் தருவது) என்பதை ரோலில் (ப்ளேபுக் பயன்படுத்தும் டாஸ்க் தொகுப்பு) ஃபால்ஸ் ஆக்கியிருந்தார்கள். அது கடைசியாகச் சேர்ந்த பகுதிகளில்தான் ஃபால்ஸ். பழையவற்றில் ட்ரூ அப்படியே இருந்தது. எந்தப் பகுதி ஜாபை எடுக்கிறதோ, அதன் அமைப்பில்தான் கன்டெய்னர் ஓடும். மூடியதாக நினைத்த கதவு திறந்தே கிடந்தது.

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது எதில் என்றால், அன்சிபிள் இதை முன்பே சொல்லியிருக்கிறது. அந்த டாஸ்க் ஒவ்வொரு ஓட்டத்திலும் ‘சேஞ்ச்டு’ என்று மஞ்சளில் நின்றிருக்கும். அது உறுத்துகிறது என்று ‘சேஞ்ச்டு வென்: ஃபால்ஸ்’ எழுதி வாயை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அந்த வரியை எழுதும் முன் டாஸ்க் உண்மையில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

இன்னும் சிலர் ‘கிரியேட்ஸ்’ போட்டு, கோப்பு இருந்தால் டாஸ்க்கைத் தாண்டச் சொல்வார்கள். பகுதிகள் பெருகாது, சரி. ஆனால் அதன்பிறகு வேரியபிளில் எதை மாற்றினாலும் மெஷினுக்குப் போய்ச் சேராது. ப்ளேபுக் மட்டும் பச்சையாக ஓடும்.

சரியான வழி இதுதான்: ரன்னரை கிட்லேப் சர்வரில் ஒருமுறை உருவாக்குங்கள், வெப் பக்கத்திலோ ஏபிஐ வழியாகவோ. ‘ஜிஎல்ஆர்டி’ என்று தொடங்கும் டோக்கன் கிடைக்கும். அதை அன்சிபிள் வால்ட்டில் (ரகசியங்களை என்க்ரிப்ட் செய்து வைக்கும் வசதி) வைத்து, கான்ஃபிக் கோப்பு முழுவதையும் டெம்ப்ளேட்டாக எழுதுங்கள். ரெஜிஸ்டர் கட்டளையே தேவைப்படாது. பழைய ரெஜிஸ்ட்ரேஷன் டோக்கன் கிட்லேப் 17.0 முதல் டிஃபால்ட்டாகவே முடக்கப்பட்டிருக்கிறது. அதை மறுபடி திறந்து பழைய ரோலைக் காப்பாற்ற முயலாதீர்கள். எழுதி முடித்ததும் அடுத்தடுத்து இரண்டு முறை ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் ‘சேஞ்ச்டு’ பூஜ்ஜியம் வராதவரை மெர்ஜ் செய்யக் கூடாது.

டெம்ப்ளேட் மாறியதும் ரீஸ்டார்ட்

ஹேண்ட்லரில் (மாற்றம் நடந்தால் மட்டும் ஓடும் டாஸ்க்) ரீஸ்டார்ட் வைப்பது கைப்பழக்கம். கான்ஃபிக் கோப்பு மாறினால் ரன்னர் தானே படித்துக்கொள்ளும். பெரும்பாலான அமைப்புகளுக்கு ரீஸ்டார்ட் வேண்டாம். நிறுத்தியே தீர வேண்டுமென்றால், லினக்ஸின் சர்வீஸ் நிர்வாகியான சிஸ்டம்டி அனுப்பும் சிக்டெர்ம் சிக்னல், ஓடுகிற ஜாப்களை அறுத்துவிடும். சிக்குவிட் அனுப்பினால் ஜாப் முடியும்வரை காத்திருக்கும். சர்வீஸுக்கு ஒரு டிராப்-இன் (கூடுதல் அமைப்புக் கோப்பு) எழுதி கில் சிக்னலை மாற்றுங்கள். ஸ்டாப் டைம்அவுட்டையும் கூட்டுங்கள். டிஃபால்ட் 90 விநாடியில் சிஸ்டம்டி பொறுமையிழந்து கொன்றுவிடும். நாற்பது நிமிட பில்டு பாதியில் போனவரைக் கேட்டால் தெரியும்.

‘லேட்டஸ்ட்’

ரன்னர் பேக்கேஜுக்கு ‘லேட்டஸ்ட்’ என்று எழுதாமல் வெர்ஷன் எண்ணை எழுதுங்கள், கிட்லேப் சர்வரின் மேஜர், மைனர் எண்ணோடு ஒத்துப்போகிறபடி.

வால்ட்டில் வைத்தால் போதும் என்று நினைப்பது

டிஃப் மோடில் ஓட்டினால் டெம்ப்ளேட்டின் வேறுபாட்டோடு டோக்கனும் திரையில் வரும். அந்த டாஸ்க்கில் ‘நோ லாக்’ போடுங்கள். கோப்புக்கு அனுமதி 0600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத).

ரன்னர் ஓடிய விஎம்மை இமேஜ் எடுப்பது

கான்ஃபிக் கோப்பின் பக்கத்தில் ரன்னர் சிஸ்டம் ஐடி என்று புள்ளியில் தொடங்கும் மறைகோப்பு ஒன்று இருக்கும். இமேஜ் எடுக்கும் முன் அதை நீக்குங்கள். இல்லாவிட்டால் அந்த இமேஜில் எழுப்பும் மெஷின்கள் எல்லாம் கிட்லேப்புக்கு ஒரே ரன்னர் மேனேஜராக (ஒரே மெஷினாக) தெரியும்.