கணவாய் சுத்தம் செய்வது எப்படி? அணை மீன் பழகியவர்களுக்கு

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் மீன் என்றால் கே.ஆர்.பி. அணை ஜிலேபி, இல்லாவிட்டால் ஒகேனக்கல் மீன். சாம்பல் தொட்டு, கல்லில் தேய்த்து, முகத்தில் செதில் தெறிக்க ஜிலேபி கழுவிய கைக்குக் கடலில் கிடைக்கும் கணவாய் (squid) ஒரு வேலையே இல்லை. செதிலும் கிடையாது, முள்ளும் கிடையாது. கவனமெல்லாம் வாங்கும்போதுதான் வேண்டும்.

சென்னையே கிருஷ்ணகிரியிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர். எந்தக் கரையிலிருந்து வந்தாலும் ஐஸ் பெட்டியில் பயணப்பட்ட சரக்குதான் நமக்குக் கிடைக்கும். அதனால் வளையமாக வெட்டி வைத்ததை வாங்காதீர்கள். முழுசாக, தோலோடு கேளுங்கள். தோலில் ஊதாப் புள்ளிகள் தெளிவாகத் தெரிய வேண்டும். தோலுக்கு அடியில் சதை வெள்ளையாக இருக்க வேண்டும். சதையே ரோஸ் நிறமாக மாறியிருந்தாலோ, மூக்கில் சுருக்கென்று ஏறும் வாடை அடித்தாலோ பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஒல்லியாக நீண்டிருப்பது ஊசிக் கணவாய், சென்னையில் கடம்பா என்பார்கள். அகலமாக, உள்ளே கெட்டியான வெள்ளை ஓட்டோடு இருப்பது ஓட்டுக் கணவாய். முதல்முறைக்கு ஊசிக் கணவாயே நல்லது. கீழே சொல்வதும் அதற்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் உடனே உட்கார்ந்துவிடுங்கள். இரண்டு பேசின் தண்ணீர் போதும், குழாயைத் திறந்துவிட்டு வீணாக்க வேண்டாம். ஒகேனக்கல் தண்ணீர் நம் தெருவுக்கு எப்போது வரும் என்பது நமக்குத் தெரிந்த கதைதானே.

முதலில் தலை. இடது கையில் குழாய் போன்ற உடலைப் பிடித்து, வலது கை விரலை அந்தக் குழாயின் திறந்த விளிம்புக்குள் விட்டு, ஒட்டியிருப்பதைச் சுற்றிலும் விடுவியுங்கள். பிறகு கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து மெதுவாக இழுத்தால் தலையோடு குடலும் வந்துவிடும். வெடுக்கென்று இழுத்தால் பாதி உள்ளேயே நின்றுவிடும். குடலோடு வெள்ளி நிறத்தில் மினுங்கும் சின்னப் பைதான் மைப்பை. அது உடைந்தாலும் பயப்பட ஒன்றுமில்லை, விஷமல்ல, கழுவினால் போய்விடும். சட்டையில் பட்டால் மட்டும் லேசில் போகாது, பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள்.

அடுத்து, குழாயின் உள்விளிம்பை விரலால் தடவினால் ஓர் இடத்தில் முனை குத்தும். அதைப் பிடித்து உருவினால் கண்ணாடி போன்ற மெல்லிய தகடு ஒன்று முழுநீளத்துக்கும் வரும். நடுவில் முறிந்தால் விடாதீர்கள், மிச்சத்தையும் தேடி எடுங்கள். சாப்பிடும்போது வாயில் மாட்டுவது இதுதான்.

தோல் வழுக்கும். விரலில் கொஞ்சம் கல் உப்பைத் தொட்டுக்கொண்டு, துடுப்புக்குப் பக்கத்தில் கிள்ளி இழுத்தால் உரிந்து வரும். துடுப்பைத் தூக்கி எறியாதீர்கள், அதுவும் கறிதான்.

தலையில் கண்ணுக்குக் கீழே, கால்கள் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே அறுத்துவிடுங்கள். கண்ணில் கத்தி பட்டால் நீர் பீய்ச்சும். கால்கள் சேரும் நடுவில் பிதுக்கினால் கிளிமூக்குப் போல ஒரு கறுப்பு அலகு வெளியே வரும், அதை எறிந்துவிடுங்கள். பத்துக் கால்களில் இரண்டு மட்டும் நீளமாக இருக்கும். அவற்றின் உறிஞ்சிகளில் நறநறவென்று வளையம் இருக்கும். கத்தியின் முதுகால் சுரண்டினால் போதும்.

இனி குழாய்க்குள் விரல் விட்டு வழித்து, இரண்டு தண்ணீரில் அலசி, அரை அங்குல வளையமாக நறுக்குங்கள். தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு மஞ்சள் தூள் பிசறுங்கள். ஈரத்தோடு சட்டியில் போட்டால் வறுபடாது, வெந்துதான் போகும்.

நன்றாகக் காய்ந்த சட்டியில் இரண்டு மூன்று நிமிடம் வதக்கி இறக்கிவிட வேண்டும். அதைத் தாண்டினால் பல்லுக்கு வேலை. இறக்க மறந்துவிட்டால் குழம்பாக்கிவிடுங்கள்: சிறு தீயில் அரை மணி நேரத்துக்கு மேல் கொதித்தால் மறுபடி இளகிவிடும், ராகிக் களிக்கும் அதுதான் பொருத்தம்.