சர்டிஃபைட் மெயில் மின்னணு ரசீது: வழக்கறிஞர் அலுவலகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க அஞ்சல் துறையின் சர்டிஃபைட் மெயிலில் (உறைக்கு ஓர் எண் கொடுத்து, பெறுபவரிடம் கையெழுத்து வாங்கித் தரும் அஞ்சல்), பெறுபவர் கையெழுத்துடன் அனுப்பியவருக்குத் திரும்பி வரும் பச்சை அட்டைக்கு (படிவம் 3811) பதிலாக, பிடிஎஃப் கோப்பாக வரும் மின்னணு ரசீது வாங்கினால் செலவு குறைவு, அட்டை தொலையும் கவலையும் இல்லை. ஆனால் அந்த பிடிஎஃப் சொல்வது கொஞ்சம்தான்: இந்த எண்ணுள்ள உறை, இந்த நாளில், இந்தக் கையெழுத்துக்குக் கொடுக்கப்பட்டது. உறைக்குள் என்ன இருந்தது என்பதை அது சொல்லாது. எனவே கடிதத்தின் தலைப்பிலேயே உறையின் சர்டிஃபைட் மெயில் எண்ணை அச்சிடுங்கள். எந்த ஆவணம், எத்தனை பக்கம், எந்த எண் என்று அனுப்பியவர் அன்றே உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைக்கட்டும். ஒரே வீட்டில் இரண்டு பிரதிவாதிகள் இருந்தால் உறையும் இரண்டு, எண்ணும் இரண்டு.

அடுத்த தவறு, கையெழுத்து யாருடையது என்று பார்க்காமலே கோப்பில் சேர்த்துவிடுவது. சாதாரண சர்டிஃபைட் மெயிலை அந்த முகவரியில் இருக்கும் வேறொருவர் வாங்கிக்கொள்ளலாம். குறிப்பிட்ட நபரே வாங்க வேண்டுமென்றால் 'ரெஸ்ட்ரிக்டட் டெலிவரி'க்கும் சேர்த்துக் கட்டணம் செலுத்த வேண்டும். கலிஃபோர்னியாவில் வெளிமாநிலத்தவருக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 415.40 பிரிவின்படி அஞ்சலில் சம்மன் சார்பு செய்தால் (சேர்ப்பித்தால்), உரியவருக்கே போய்ச் சேர்ந்தது என்று நீதிமன்றம் திருப்தியடையும் சான்றை அதே சட்டத்தின் 417.20 பிரிவு கேட்கிறது. படிக்க முடியாத கிறுக்கல் மட்டும் இருந்தால் அங்கே சிக்கல்தான்.

கெடு நாளுக்கு மின்னணு ரசீதை நம்பாதீர்கள். அது டெலிவரி நாளின் சான்று. வரி நீதிமன்ற மனு போன்றவற்றில் அமெரிக்க வரிச் சட்டத்தின் 7502 பிரிவு பார்ப்பது அனுப்பிய நாளை. அதற்குப் படிவம் 3800-இன் (சர்டிஃபைட் மெயில் அனுப்பும்போது நிரப்பும் படிவம்) ரசீதில் அஞ்சல் ஊழியரின் முத்திரை வேண்டும். உறையைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் அது கிடைக்காது. கவுண்டரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

கவுண்டரில் வாங்கிய மின்னணு ரசீது தானாக வந்துவிடாது. அஞ்சல் துறை இணையதளத்தின் டிராக்கிங் பக்கத்தில் எண்ணைப் போட்டு, பெயரும் மின்னஞ்சலும் கொடுத்துக் கேட்டால்தான் வரும். அஞ்சல் துறை கையெழுத்துப் பதிவை வைத்திருப்பது 2 ஆண்டுகள். வழக்கு அதற்கு மேலும் நீளும். டெலிவரி ஆனதும் இறக்கி வழக்குக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.

மிகவும் கவலை தருவது, உறை வாங்கப்படாமல் திரும்பும்போது சும்மா இருப்பது. அறிவிப்புச் சீட்டு வைத்தும் யாரும் வராவிட்டால் 15 நாளில் உறை திரும்பிவிடும். 2006-இல் ஜோன்ஸ் எதிர் ஃபிளவர்ஸ் வழக்கில், வரி பாக்கிக்காக ஒருவரின் வீட்டை விற்க ஆர்கன்சாஸ் அரசு அனுப்பிய சர்டிஃபைட் கடிதங்கள் அப்படித்தான் திரும்பின. நடைமுறையில் முடியும்போது அரசு வேறு நியாயமான முயற்சியும் செய்திருக்க வேண்டும் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். சாதாரண அஞ்சலில் மறுபடி அனுப்புவது, கதவில் ஒட்டுவது ஆகியவற்றை உதாரணமாகக் காட்டியது. அது அரசுக்குச் சொன்ன தீர்ப்புதான். ஆனாலும் தனியார் நோட்டீஸிலும், சட்டமோ ஒப்பந்தமோ தடுக்காதவரை, சர்டிஃபைட் மெயில் அனுப்பும் அதே நாளில் சாதாரண முதல் வகுப்பு அஞ்சலிலும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். அதை வாங்கக் கையெழுத்து தேவையில்லை.