எழுத்து ஒத்துப்போனால் அர்த்தமும் ஒத்துப்போகுமா? ஆங்கிலச் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் நம்ம கடற்கரைப் பிள்ளைகள் ஆங்கிலச் சொற்களைப் படிக்கிற விதம் பெரும்பாலும் ஒன்றுதான். 'இன்' என்று தொடங்கும் சொற்கள், 'ஃபிஷ்' என்று முடியும் சொற்கள் என்று ஒரு பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாக மனப்பாடம் செய்வது. பட்டியல் தப்பில்லை. ஒரே எழுத்துகள் வருவதால் அர்த்தமும் ஒரே பக்கம்தான் போகும் என்று நினைத்துக்கொள்வதுதான் தப்பு. ஒரே நிறத்தில் பெயின்ட் அடித்த படகெல்லாம் ஒரே ஆளுடையதாகிவிடுமா?

முதலில் உயிருக்கே ஆபத்தான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டீசல் கொண்டுவரும் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'இன்கரெக்ட்' என்றால் சரியில்லாதது, 'இன்விசிபிள்' என்றால் கண்ணுக்குத் தெரியாதது, அப்படியானால் 'இன்ஃப்ளேமபிள்' என்றால் தீப்பிடிக்காதது என்று ஒரு பிள்ளை கணக்குப் போட்டால் அந்தக் கணக்கில் குறை சொல்ல முடியாது, ஆனால் விடை நேர் எதிர். சட்டென்று தீப்பற்றக்கூடியது என்பதுதான் அர்த்தம். 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதேதான். லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்கு இரண்டு 'இன்' வந்திருக்கிறது, ஒன்று 'இல்லை' என்று மறுப்பது, இன்னொன்று 'உள்ளே' என்று சொல்வது. இது இரண்டாவது வகை. இந்தக் குழப்பம் நமக்கு மட்டுமில்லை, ஆங்கிலம் பேசுகிற நாட்டுக்காரர்களுக்கும் உண்டு. அதனால்தான் அமெரிக்காவில் தீப்பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் 1920களிலேயே 'இன்' வேண்டாம், வெறும் 'ஃப்ளேமபிள்' என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தினார்கள். தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்று தனிச் சொல் இருக்கிறது. விசைப்படகில் டீசல் கேனும் சமையல் அடுப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற ஊர் நம்முடையது, இந்த ஒரு சொல்லையாவது வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

'இன்' இன்னோர் இடத்திலும் காலை வாரும். 'இன்வேல்யூவபிள்' என்றால் மதிப்பில்லாதது இல்லை, விலைமதிப்பே சொல்ல முடியாத அளவுக்கு உயர்ந்தது. 'பிரைஸ்லெஸ்' என்பதும் அப்படித்தான். உதவாத பொருளுக்கு 'வொர்த்லெஸ்'.

அடுத்தது 'ஃபிஷ்'. நம்ம பிள்ளைகளுக்கு இதில் அனுபவமே பாடம், ஆனாலும் தேர்வில் தவறுகிறார்கள். ஸ்டார்ஃபிஷ், ஜெல்லிஃபிஷ், கட்டில்ஃபிஷ், ஷெல்ஃபிஷ் ஆகிய எதுவுமே மீன் இல்லை. கட்டில்ஃபிஷ் என்பது நாம் ஏலத்தில் பார்க்கிற கணவாய், அது சிப்பி, நத்தையோடு சேர்ந்த மெல்லுடலி. ஸ்டார்ஃபிஷ் முட்தோலி, கடல் அட்டையும் அதே வகை. இறால், நண்டு, சிப்பி மூன்றையும் சேர்த்துச் சொல்வதுதான் ஷெல்ஃபிஷ். தமிழிலும் நட்சத்திர மீன், ஜெல்லி மீன் என்றே சொல்லிப் பழகிவிட்டதால் தப்பு இரண்டு மொழியிலும் கெட்டிப்படுகிறது. அப்புறம் இதன் மறுபக்கம்: பெயரில் 'ஃபிஷ்' இல்லாத சீஹார்ஸ், அதாவது கடல் குதிரை, செவுளும் துடுப்பும் உள்ள உண்மையான மீன். 'சீ கவ்' என்கிற ஆவுளியாவோ குட்டிக்குப் பால் கொடுக்கும் பாலூட்டி. பெயரை வைத்து வகை பிரித்தால் அறிவியல் தேர்வில் ஒரு மதிப்பெண் நிச்சயம் போகும்.

ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் அர்த்தம் எங்கோ போய்விடும். பாக் நீரிணைக்கு ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெய்ட்', குறுகலான கடல்வழி என்று அர்த்தம். கடைசி 'டி'க்கு முன்னால் 'ஜி', 'எச்' இரண்டையும் செருகினால் 'நேரான' என்று ஆகிவிடும், உச்சரிப்பு கொஞ்சமும் மாறாது. கிழக்குக் கடற்கரைச் சாலையை எழுதும்போது 'கோஸ்ட்' என்பதில் 'ஏ' விட்டுப்போனால் கடற்கரை செலவாகிவிடும். 'கோஸ்டல்' என்பதில் அதே 'ஏ' போனால் விலா எலும்பு சம்பந்தப்பட்டது என்று அர்த்தம். விலாவுக்கும் பக்கத்துக்கும் லத்தீனில் 'கோஸ்டா' என்ற ஒரே சொல், கடற்கரை நிலத்தின் பக்கவாட்டுதானே. மன்னார் வளைகுடாவின் 'கல்ஃப்' என்பதில் 'யு'வுக்குப் பதில் 'ஓ' போட்டால் விளையாட்டு. இவை எல்லாமே அகராதியில் இருக்கிற சொற்கள் என்பதால் போனில் இருக்கும் எழுத்துப்பிழை திருத்தியை நம்பாதீர்கள், பல நேரம் அது கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது தீவுச் சொற்கள். லத்தீனில் தீவுக்கு 'இன்சுலா'. 'பெனின்சுலா' என்றால் கிட்டத்தட்டத் தீவு, அதாவது தீபகற்பம். சர்க்கரை நோய்க்குப் போடும் 'இன்சுலின்' என்ற பெயரும் அங்கிருந்துதான் வந்தது, ஏனென்றால் கணையத்துக்குள் தீவுகள் மாதிரித் திட்டுத்திட்டாக இருக்கும் செல்களில்தான் அது சுரக்கிறது. சரி, அப்போ 'ஐலண்ட்'டும் இந்தக் குடும்பம்தானா? இல்லை. அது பழைய ஆங்கிலச் சொல், முதலில் அதில் 'எஸ்' கிடையாது. லத்தீன் வழி வந்த, தீவையே குறிக்கிற 'ஐல்' என்ற சொல்லைப் பார்த்து 16ஆம் நூற்றாண்டு வாக்கில் நடுவில் ஓர் 'எஸ்'ஸைச் செருகிவிட்டார்கள். வாயில் வராத அந்த எழுத்தைச் சேர்த்துப் படிக்கிற பிள்ளையைத் திட்டாதீர்கள், அது அங்கே இருந்திருக்கவே கூடாது.

'கேட்டமரான்' என்பதைப் பூனை வரிசையில் எழுதிவைக்கிற பிள்ளைகளும் உண்டு. அது நம்ம கட்டுமரம்.

அதற்காக எழுத்தை வைத்துச் சேர்ப்பதையே விட்டுவிட வேண்டாம். இம்போர்ட், எக்ஸ்போர்ட், டிரான்ஸ்போர்ட் மூன்றிலும் 'போர்ட்' என்றால் சுமப்பது, அது நிஜமான குடும்பம். 'ஆப்பர்ச்சூனிட்டி'க்குள்ளும் பி, ஓ, ஆர், டி என்று அதே எழுத்துகள் இருக்கின்றன, ஆனால் அது துறைமுகத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, துறையை நோக்கி அடிக்கிற சாதகமான காற்றுதான் அதன் பழைய அர்த்தம். நல்ல அகராதியில் அர்த்தத்தோடு சொல்லின் மூலத்தையும் போட்டிருப்பார்கள், அந்த வரியை விடாமல் படிக்கச் சொல்லுங்கள். நோட்டில் எழுதும்போது எதிரே தமிழ் அர்த்தம் மட்டும் போதாது. வீட்டில், படகில், ஏலக்கூடத்தில் பிள்ளை தானே சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தையும் சேர்த்து எழுதட்டும், பட்டியலில் அடுத்த சொல்லுக்கு அதற்கப்புறம் போகலாம்.