குளிர்பானச் சந்தை யார் கையில்? கணக்குப் போட்டுப் பார்க்கும் வழி

எம்.ஏ. பொருளியல் மாணவர்களின் ஆய்வுத் திட்டங்களைத் திருத்துவது என் வேலை. "நிறுவனம் பெரியது, விளம்பரம் அதிகம், அதனால் சந்தை சிலர் கைக்குப் போனது" என்று முதல் பக்கத்திலேயே முடிவை எழுதிவிடுகிறார்கள். அந்த 'அதனால்' உண்மைதானா என்று பார்ப்பதுதான் ஆய்வே. குளிர்பானத்தை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் எல்லை போடுங்கள். தமிழ்நாடு மட்டுமா, இந்தியா முழுவதுமா? கோலா மட்டுமா, பழச்சாறும் சேர்த்தியா? 1916இல் விருதுநகரில் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோ, தமிழ்நாட்டு அட்டவணையில் தனி வரியாக நிற்கும். அகில இந்திய அட்டவணையில் 'மற்றவை'க்குள் போய்விடும்.

அடுத்து, செறிவு, அதாவது சந்தை எந்த அளவுக்குச் சிலர் கையில் குவிந்திருக்கிறது என்பது. முதல் நான்கு நிறுவனங்களின் பங்கைக் கூட்டுவதோடு நிறுத்தாதீர்கள். நான்கு பேருக்கும் தலா 25 சதவீதம் என்றாலும் கூட்டுத்தொகை 100. ஒருவருக்கு 70, மற்ற மூவருக்கும் தலா 10 என்றாலும் 100. ஒவ்வொரு பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்கள். முதல் சந்தைக்கு 2,500, இரண்டாவதற்கு 5,200. இதுதான் ஹெர்ஃபிண்டால் குறியீடு; எண் பெரிதானால் செறிவும் அதிகம்.

நிறுவனத்தின் அளவுக்குத் தனிப் பத்தி வையுங்கள். உலகம் முழுக்க வியாபாரம் செய்யும் நிறுவனத்துக்கு இங்கே சின்னப் பங்குதான் இருக்கலாம். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமும் சந்தைப் பங்கு, நிறுவனத்தின் அளவு இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கச் சொல்கிறது.

விளம்பரச் செலவை ஆண்டறிக்கையில் தேடி எடுத்து, விற்பனையில் எத்தனை சதவீதம் என்று போடுங்கள். ஒரு கோடி ரூபாய் விளம்பரம் 100 கோடி விற்பவருக்கு 1 சதவீதம், 10 கோடி விற்பவருக்கு 10 சதவீதம். அளவும் விளம்பரமும் கைகோக்கும் இடம் இதுதான். சின்ன நிறுவனங்கள் மூச்சு வாங்குவதும் இங்கேதான்.

சரி, எது காரணம், எது விளைவு? ஒரே ஓர் ஆண்டின் எண்களை வைத்து இதைச் சொல்லவே முடியாது. வருட வரிசை வேண்டும். நிறுவனங்கள் கைமாறிய ஆண்டுகளைக் குறித்துவைக்க வேண்டும். 1977இல் வெளியேறிய கோகோ கோலா 1993இல் திரும்பி வந்து, பார்லேயிடமிருந்து தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் எல்லாவற்றையும் வாங்கியது. அந்த வருடம் ஏறிய செறிவை விளம்பரக் கணக்கில் எழுதினால் அது தப்பு. விலைக்கு வாங்கிய பங்கு அது.

விளம்பரம் செறிவைக் குறைப்பதும் உண்டு. சலவைத்தூளில், 1969இல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் தொடங்கிய நிர்மா, மலிவு விலையோடு விளம்பரப் பாட்டையும் சேர்த்துக்கொண்டுதான் சர்ஃபின் கோட்டைக்குள் புகுந்தது. ஆகவே யார் விளம்பரம் செய்கிறார், ஏற்கெனவே உள்ளவரா புதிதாக வருபவரா என்று பிரித்து எழுதுங்கள்.

கடைசியாகக் கொஞ்சம் கடை கடையாக ஏறி இறங்குங்கள். நிறுவனம் கொடுத்த ஃபிரிட்ஜும் ஒரு விளம்பரம்தான், ஆனால் விளம்பரச் செலவு என்ற தலைப்பில் அது தென்படாமல் போகலாம். ஒவ்வொரு கடையிலும் யார் கொடுத்த ஃபிரிட்ஜ், அதற்குள் வேறு நிறுவனத்தின் பாட்டிலுக்கு இடம் இருக்கிறதா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.