செல்பேசிக் கோபுரங்கள் சாய்ந்த பின் செயற்கைக்கோள் தொலைபேசி

2018-இல் கஜா புயல் வேதாரண்யம் பகுதியைத் தாக்கியபோது மின்கம்பங்களோடு செல்பேசிச் சேவையும் வீழ்ந்தது. அத்தகைய வேளைக்கான, இன்மார்சாட் எனும் செயற்கைக்கோள் சேவையின் கைபேசியை, தொலைத்தொடர்புத் துறையின் அனுமதியுடன் பிஎஸ்என்எல் வழியாக முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம்.

கூரைக்கடியில் சமிக்ஞை கிடைக்காது என்பதால் மொட்டைமாடிக்கோ திடலுக்கோ செல்லுங்கள். ஆன்டெனாவை முழுவதும் நீட்டி, திரையில் சமிக்ஞைக் கோடுகள் உயரும்வரை மெல்லத் திருப்பி, பேசும்போதும் அதே திசையிலேயே வைத்திருங்கள். பழக்கதோஷத்தில் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டால் இணைப்பு அறுந்துவிடும். குரல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள செயற்கைக்கோள்வரை ஏறி இறங்குவதால் பதில் சற்றுத் தாமதித்தே வரும், குறுக்கிடாமல் பொறுத்திருங்கள். இடம், ஆட்களின் எண்ணிக்கை, உடனடித் தேவை ஆகியவற்றைத் தாளில் எழுதிக்கொண்டு அழைத்தால் கட்டணமும் பேட்டரியும் மிச்சமாகும்.