அட்டைப்படம் தடுத்த பட்டியல்
கையடக்க விளையாட்டுக் கருவிக்காக எமுலேட்டர் (பழைய விளையாட்டுக் கருவியைப் போல நடந்துகொள்ளும் மென்பொருள்) லாஞ்சர் ஒன்றை, அதாவது விளையாட்டுகளைப் பட்டியலிட்டுத் திறந்துவைக்கும் நிரலை, எழுதி வருகிறேன். கீழ்ப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் பட்டியல் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதுவோ திக்கித் திக்கி நகர்ந்தது. இதற்கெல்லாம் பிராசசரைத் திட்டுவது வழக்கம். அளந்து பார்த்தால், நேரத்தைத் தின்றவை ஒவ்வொரு விளையாட்டின் பெயரோடும் காட்டும் அட்டைப்படங்கள். திரையில் நொடிக்கு 60 ஃபிரேம் (படச்சட்டம்) வரைய வேண்டும் என்றால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. அதற்குள், 640×480 திரையின் ஓர் ஓரத்தில் காட்டுவதற்காக 2000 பிக்சல் அகலப் படத்தை எஸ்டி கார்டிலிருந்து படித்து, விரித்து, மறுபடி சுருக்கிக்கொண்டிருந்தது நிரல். எந்தச் சில்லும் மூச்சுத் திணறத்தான் செய்யும்!

எல்லாப் படங்களையும் 320 பிக்சலுக்கு முன்பே சுருக்கிச் சேமித்தேன். படிக்கும் வேலை, பட்டியலை நிறுத்தாமல் பக்கத்தில் இணையாக ஓடும் தனி த்ரெட்டுக்குப் போனது. பட்டியல் ஓடும்போது பெயர் மட்டும். நின்று 150 மில்லிநொடி கழித்தே படம். திணறல் போய்விட்டது.

இன்னொரு தொல்லை: பல டிஸ்க் கொண்ட பிளேஸ்டேஷன் விளையாட்டுகள், டிஸ்க்குக்கு ஒன்றாகப் பட்டியலில் பலமுறை தெரிந்தன. அதற்கு மருந்து எளிது. டிஸ்க் கோப்புகளின் பெயர்களை ஓர் எம்3யு கோப்பில் வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும். எமுலேட்டர்களை இயக்கும் ரெட்ரோஆர்க் என்ற மென்பொருள் அவற்றை ஒரே விளையாட்டாகத் திறந்து, இடையில் டிஸ்க் மாற்றவும் விடுகிறது. மற்றக் கோப்புகளைப் பட்டியலிலிருந்து மறைத்துவிட்டேன்.