மாயமும் மர்மமும்: 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' தொடரை ரசித்துப் படிக்க

மந்திரம் வரும் துப்பறியும் கதை என்றாலே ஒரு சந்தேகம் எழும். கடைசி அத்தியாயத்தில் "எல்லாம் மந்திரம்தான்" என்று எழுத்தாளர் கையை விரித்துவிட்டால், அதுவரை நாம் மண்டையை உடைத்துக்கொண்டதெல்லாம் வீண்தானே? நியாயமான சந்தேகம். மந்திரத்தால் என்ன முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும் தொடர்தான் இந்தச் சோதனையில் தேறும். பென் ஆரனோவிச் எழுதும் 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்' தேறுகிறது. ஆனால் அதைப் படிக்கிற விதத்தில் படிக்க வேண்டும்.

முதல் நாவல் வந்தது 2011-இல். கதை சொல்பவன் பீட்டர் கிராண்ட், லண்டன் மெட்ரோபாலிட்டன் போலீஸில் இளம் கான்ஸ்டபிள். கோவன்ட் கார்டனில் கொலை நடந்த இடத்தில் இரவுக் காவல் நிற்கும்போது சாட்சி சொல்ல ஒருவர் வருகிறார். அவர் இறந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கிருந்து பீட்டர், தலைமை இன்ஸ்பெக்டர் நைட்டிங்கேலிடம் மந்திரம் பயிலும் சீடனாகிறான். அமெரிக்காவில் இதே நாவல் 'மிட்நைட் ரயட்' என்ற பெயரில் வெளியானது. பழைய புத்தகக் கடையில் அதைப் பார்த்து வேறு நாவல் என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்.

வரிசை விஷயத்தில் சமரசம் வேண்டாம். 'ரிவர்ஸ் ஆஃப் லண்டன்', 'மூன் ஓவர் சோஹோ', 'விஸ்பர்ஸ் அண்டர் கிரவுண்ட்', 'புரோக்கன் ஹோம்ஸ்', 'ஃபாக்ஸ்குளோவ் சம்மர்', 'தி ஹேங்கிங் ட்ரீ', 'லைஸ் ஸ்லீப்பிங்': இந்த ஏழும் ஒரே மூச்சு. ஒவ்வொன்றிலும் ஒரு வழக்கு முடியும். ஆனால் 2-ஆவது நாவலில் தலைகாட்டும் எதிராளியின் கணக்கு 7-ஆவதில்தான் தீரும். நடுவில் ஏதோ ஒன்றை எடுத்துப் படித்தால் அந்த நாவலின் கொலை புரியும், யார் ஏன் யாரிடம் பேசுவதில்லை என்பது புரியாது. 2015 முதல் வரும் காமிக்ஸ்களையும் குறுநாவல்களையும் கால வரிசைப்படி நடுநடுவே செருகிப் படிக்கச் சொல்லும் பட்டியல்கள் நிறைய உண்டு. முதல் வாசிப்புக்கு அது தேவையே இல்லை, வேகம்தான் கெடும். ஏழையும் முடித்துவிட்டு அவற்றுக்கு வாருங்கள்.

இனி முக்கியமான வேலை. ஒரு சின்ன நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரத்தைப் பற்றி நாவல் ஒரு விதியைச் சொல்லும்போதெல்லாம் ஒரு வரியில் குறித்து, பக்க எண்ணையும் போடுங்கள். முதல் நாவலிலேயே நாலைந்து தேறும். இந்த உலகில் மந்திரத்தை முறைப்படுத்தியவர் ஐசக் நியூட்டன். அதனால் நைட்டிங்கேலும் பீட்டரும் அதை ஆய்வுக்கூடப் பாடம் போலவே அணுகுகிறார்கள். மந்திரம் போட்டால் பக்கத்தில் இயங்கிக்கொண்டிருக்கும் மைக்ரோசிப் பொடியாகும், மின்சாரம் துண்டித்திருந்தால் தப்பிக்கும். அளவுக்கு மீறிப் போட்டால் போட்டவரின் மூளையே சிதையும். மந்திரம் நடந்த இடத்தில் ஒரு வாசனை, ஓர் ஒலி, ஓர் உணர்வு தங்கும். அதற்கு 'வெஸ்டிஜியா' என்று பெயர். கல்லில் அது நன்றாகத் தங்கும், உடலில் அவ்வளவாகத் தங்காது.

இந்தக் குறிப்புகள் எதற்கு என்பது 2-ஆவது நாவலின் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். மேடையில் வாசித்து முடித்த ஜாஸ் கலைஞர் ஒருவர் செத்துப்போகிறார். பார்த்தால் மாரடைப்பு. ஆனால் பிணவறையில் குனியும் பீட்டருக்கு உடலிலிருந்து ஒரு ஜாஸ் மெட்டு கேட்கிறது. சும்மா வாசிப்பவர் "ஓ, மந்திரம்" என்று நகர்ந்துவிடுவார். நோட்டு வைத்திருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்: உடலில் தங்காத ஒன்று இவ்வளவு தெளிவாகத் தங்கியிருக்கிறதென்றால், நடந்தது சாதாரண மந்திரம் இல்லை. அதேபோல், யாருடைய போனாவது காரணமில்லாமல் செத்துக் கிடந்தால் அந்தப் பக்கத்தை மடித்து வையுங்கள்.

முக்கால்வாசி வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள்: யார் செய்தது, எந்த விதிப்படி அது சாத்தியம், எந்த விதி அதற்குக் குறுக்கே நிற்கிறது. மூன்றாவதுதான் வேலை செய்யும் கேள்வி. பெரும்பாலான தவறான ஊகங்கள் அங்கேதான் உடையும்.

அடுத்தது வரைபடம். லண்டன் நதிகளின் தேவதைகள் இதில் மனிதர்களாக உலவுகிறார்கள். தேம்ஸ் நதிக்கே இரண்டு உரிமையாளர்கள்: கடல் ஏற்றம் எட்டும் கீழ்ப்பகுதி மாமா தேம்ஸுக்கு (நம் ஊர் மாமா அல்ல, ஆங்கிலத்தில் அம்மா), மேல்பகுதி ஃபாதர் தேம்ஸுக்கு. எல்லை டெடிங்டன் மதகு. உண்மையிலும் கடல் ஏற்றம் அதுவரைதான் எட்டும். மாமா தேம்ஸின் மகள்களான டைபர்னும் ஃபிளீட்டும் இன்று தெருக்களுக்கு அடியில் மூடிய வாய்க்கால்களாக ஓடும் நிஜ நதிகள். இன்னொரு மகளான பெவர்லி புரூக் திறந்தவெளியில் ஓடி பட்னி அருகே தேம்ஸில் கலக்கிறது. போனில் லண்டன் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டால் எந்த நதி எந்தப் பணக்காரப் பேட்டைக்கு அடியில் போகிறது என்று தெரியும். அந்தப் பெண்களின் குணமும் பாதி புரிந்துவிடும்.

போலீஸ் பதவிகளில் நம்மவர்கள் தடுமாறுவது வழக்கம். அங்கே கான்ஸ்டபிள், சார்ஜன்ட், இன்ஸ்பெக்டர், தலைமை இன்ஸ்பெக்டர், சூப்பரின்டென்டென்ட் என்று ஏறும். எஸ்.ஐ. கிடையாது. முன்னால் 'டிடெக்டிவ்' சேர்ந்தால் பிரிவு மாறும், பதவி உயராது. பெரும்பாலான போலீஸார் துப்பாக்கி வைத்திருப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். இல்லாவிட்டால் "ஏன் சுடவில்லை?" என்று அத்தியாயத்துக்கு ஒருமுறை எரிச்சல் வரும்.

முதல் நாவலில் இன்னொரு சிக்கலும் உண்டு. முக்கியத் தடயம் ஒன்று, இங்கிலாந்துக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பழைய வேடிக்கைக் கதையில் ஒளிந்திருக்கிறது. எது என்று இங்கே சொன்னால் பாதி மர்மம் போய்விடும். பீட்டர் அதன் பெயரைச் சொல்லும் இடத்தில் நிறுத்தி, அந்தக் கதையின் சுருக்கத்தை மட்டும் தேடிப் படித்துவிட்டுத் தொடருங்கள். நாவலின் பெயரைச் சேர்த்துத் தேடாதீர்கள்.

பாத்திரங்களின் பெயரைப் போட்டும் தேடவே கூடாது. ரசிகர்களின் விக்கிப் பக்கங்களில் முதல் வரியிலேயே 4-ஆவது நாவலின் முடிவு உடைந்துவிடும். அந்த 'புரோக்கன் ஹோம்ஸ்' பாதிவரை தளர்வாகத்தான் போகும், விசாரணை அங்கும் இங்கும் அலையும். அங்கே பலர் தொடரையே விட்டுவிடுகிறார்கள். கடைசி சில பக்கங்களுக்காகவாவது பொறுத்துக்கொள்ளுங்கள்.

லண்டன் பேச்சு மொழி கடினமாக இருந்தால் முதல் இரண்டு அத்தியாயங்களை ஒலிப்புத்தகமாகக் கேட்டுக்கொண்டே அச்சில் பின்தொடருங்கள். வாசிப்பவர் கோப்னா ஹோல்ட்புரூக்-ஸ்மித். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி உச்சரிப்பு கொடுப்பார். பிறகு தனியாகப் படிக்கும்போதும் யார் பேசுகிறார் என்பது காதில் விழும்.

நோட்டு வைத்துப் படிப்பது பிடித்துப்போனால் அடுத்து ராண்டல் கேரட்டின் 'டூ மெனி மெஜிஷியன்ஸ்'. 1966-இல் வந்த பூட்டிய அறைக் கொலை. துப்பறியும் லார்ட் டார்சிக்கு மந்திரம் தெரியாது, தடயங்களை மந்திரத்தால் சோதித்துச் சொல்ல ஷான் என்ற உதவியாளர் இருக்கிறார். அங்கே விதிகள் இன்னும் கறார், நோட்டில் இன்னும் அதிகப் பக்கங்கள் ஆகும்.